பள்ளிக்கரணையில் இந்த மாதம் என்ன சாப்பாடு?

துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையில் போகிறவர்கள், சதுப்பு நிலம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பக்கத்திலேயே பெருங்குடி குப்பைமேடு! பறவைகளோ அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அவற்றுக்கு இது சாப்பாட்டுக் கூடம்.

இங்கே மாதா மாதம் மெனு மாறும். அதை முடிவு செய்வது தண்ணீரின் ஆழம்.

ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறியதும் பூச்சிகளுக்குக் கொண்டாட்டம். தட்டான்கள் வாலால் நீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடும். அதிலிருந்து வரும் குஞ்சுகள் நீருக்கடியில் கொசுப்புழுவை வேட்டையாடும். அந்தத் தட்டான் குஞ்சுகளைக் கெளுத்தியும் பனையேறிக் கெண்டையும் தின்னும். மேலே பறந்தபடியே பூச்சியையும் குட்டி மீனையும் கொத்தும் மீசை ஆலா.

தை, மாசியில் நீர் வடிந்து சேறு தெரியும்போதுதான் பெரிய விருந்து. சேற்றுக்குள் சிவப்பு நூல் போல நெளியும் ரத்தப்புழு, கொசு மாதிரியே இருந்தாலும் கடிக்காத ஒரு பூச்சியின் குஞ்சு. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் கடையில் காசு கொடுத்து வாங்குவார்களே, அதேதான்! நெடுங்கால் உள்ளான் ஊசி அலகால் இதைப் பொறுக்கும். பூநாரை காலால் சேற்றைக் கிளறி, தலையைக் கவிழ்த்து, அலகாலேயே சலித்துச் சாப்பிடும்.

இந்தப் புழுவின் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் இருக்கும் அதே வகைப் பொருள். ஆக்சிஜன் குறைந்த சாக்கடை நீரிலும் அது பிழைத்துக்கொள்ளும். தட்டான் குஞ்சுகளில் பல வகைக்கு அந்தத் தாக்குப்பிடிக்கும் சக்தி கிடையாது. ஆகவே உள்ளான் கூட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் 'தண்ணீர் சுத்தம்' என்று சொல்லிவிட முடியாது. தட்டான் எத்தனை வகை பறக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, சுமார் 1,248 ஹெக்டேர். ஒரு காலத்தில் இதைப்போலப் பல மடங்கு விரிந்து கிடந்த கழுவெளி இது. மழை வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்விடும். கழிவுநீரோ கோடையிலும் வந்துகொண்டிருக்கிறது. சேறு தெரிய வேண்டிய மாதத்தில் தண்ணீர் நின்றால், குட்டைக்கால் உள்ளான்களுக்கு நிற்கக்கூட இடமில்லை.

சித்திரை, வைகாசியில் குட்டைகள் சுருங்கும். காற்றையே நேராகச் சுவாசிக்கத் தெரிந்த விரால் சேற்றில் தாக்குப்பிடிக்கும். கரையில் சாம்பல் நாரை அசையாமல் அதற்காகக் காத்து நிற்கும்.