பாவா ஆதம் மலையில் நான் மறந்த பாடம்



வவுனியாவின் சித்திரை வெயில் எப்படிப்பட்டதென்று வன்னியில் வாழும் வாசகிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சில வருடங்களுக்கு முன் ஏப்ரல் விடுமுறையில், குளிர்ந்த இடமாகப் போக வேண்டுமென்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். யுத்த காலத்தில் வளர்ந்த என் மனைவிக்கும் ராத்தாவுக்கும் மலை என்பது பாடப்புத்தகத்துப் படம்தான். "பாவா ஆதம் மலைக்குப் போவோம்" என்றேன். மலைநாட்டு அரபுக் கல்லூரியில் ஓதிய நாட்களில் மூன்று தடவை ஏறியவன் என்ற பெருமை எனக்கு!

2,243 மீட்டர் உயரமான அம்மலையைப் பௌத்தர்கள் ஸ்ரீ பாத என்பர். இந்துக்கள் சிவனொளிபாதமலை என்பர். ஆதம் (அலை) அவர்கள் அங்கே இறங்கியதாக நம்மவர்களிடம் ஒரு வரலாறு வழங்குகிறது. ஆனால் குர்ஆன் எந்த இடத்தின் பெயரையும் கூறவில்லை. ஆகவே நாங்கள் போனது வணக்கமாக அல்ல. அல்லாஹ்வின் படைப்பைப் பார்த்து வரத்தான். 1344ஆம் ஆண்டில் அங்கே ஏறிய இப்னு பதூதா, மலைக்கு இரு பாதைகள் இருந்ததாக எழுதியுள்ளார். கடினமானது பாவா பாதை. இலகுவானது மாமா பாதை. மாமா என்றது நம் அன்னை ஹவ்வா (அலை) அவர்களை.

நாங்கள் ஆறு பேர். நான், மனைவி, எங்கள் மகனும் மகளும், ராத்தா, ராத்தாவின் மகன். வேனில் கண்டி, ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போய்ச் சேர்ந்து இரவு தங்கினோம். சூரியோதயம் பார்க்கப் பெரும்பாலானோர் இரவில்தான் ஏறுவார்கள். படிகள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று நான் பகலைத் தெரிவு செய்தேன். பஜ்ர் தொழுததும், "வெயில் ஏற முன் போக வேண்டும்" என்று எல்லோரையும் அவசரப்படுத்தினேன். பயணத்தின் அமீர் நானல்லவா!

தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி, சமாதானத் தாதுகோபுரத்தைக் கடந்து, சீத கங்குல ஓடை வரை பாதை அவ்வளவு கடினமில்லை. அதற்குப் பிறகுதான் படிகள் செங்குத்தாகின்றன. எல்லாமாக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். நானும் பையன்களும் முன்னால் ஏறினோம். இடையிடையே உட்கார்ந்து பெண்களுக்காகக் காத்திருந்தோம். அவர்கள் வந்து சேர்ந்ததும், "சரி, போவோம்" என்று எழுந்துவிடுவோம். சகோதரிகளே, இதிலிருந்த அநியாயம் எனக்கு அப்போது விளங்கவில்லை. களைக்காத எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஓய்வு கிடைத்தது. களைத்து வந்தவர்களுக்கு ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை.

நான்காவது தடவை காத்திருந்தபோது மகள் மட்டும் ஓடி வந்தாள். "வாப்பா, மாமிக்கு ஏலாம இருக்கு!"

இறங்கி ஓடினேன். படியோரத்து தேநீர்க் கடையின் பலகையில் ராத்தா சாய்ந்திருந்தார். கை நடுங்கியது. முகமெல்லாம் குளிர்ந்த வியர்வை. அவருக்குச் சீனி வருத்தம். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, என் அவசரத்தால் ஒரு துண்டுப் பாண்தான் சாப்பிட்டிருக்கிறார். கடைக்காரச் சிங்களப் பெண்மணி, நாங்கள் கேட்கு முன்பே நிறையச் சீனி போட்டு பிளேன்டீ கொடுத்தார். பின்பு பிஸ்கட்டும் கொடுத்தார். கால் மணித்தியாலத்தில், அல்ஹம்துலில்லாஹ், நடுக்கம் நின்றது.

"தம்பி, நீங்க போங்க. நான் இதிலயே இருக்கிறன். வரக்குள்ள கூட்டிட்டுப் போங்க" என்றார். எங்களுடைய பயணம் கெட்டுவிடக் கூடாதே என்பதுதான் அப்போதும் அவர் கவலை!

எனக்கு வெட்கமாகிவிட்டது. உஸ்மான் பின் அபில் ஆஸ் (ரலி) அவர்களை இமாமாக நியமித்தபோது, ஜமாஅத்தில் மிகப் பலவீனமானவரைக் கவனித்துத் தொழுவிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பயணங்களில் நபியவர்கள் பின்தங்கி வந்து, பலவீனர்களுக்கு உதவி, அவர்களுக்காக துஆச் செய்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இரண்டும் அபூதாவூதில் உள்ளன. இவற்றை எத்தனை வருடங்களாக மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்திருப்பேன்! மலையில் மட்டும் மறந்துபோனேன்.

"இன்னும் கொஞ்சந்தானே வாப்பா" என்று மகன் கெஞ்சினான். உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. என்றாலும் எல்லோரும் திரும்பினோம். இம்முறை ராத்தா முன்னால், நான் கடைசியில். அவர் நின்ற இடத்தில் எல்லோரும் நின்றோம். அப்போதுதான் பாதையோரப் பூக்களையும் கீழே மின்னிய மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தையும் பார்த்தோம். பிற்பகல் மழை கொட்டியபோது நாங்கள் நல்லதண்ணியில் ஒரு கூரையின் கீழ் இருந்தோம்.

நீங்களும் குடும்பமாக மலையேறப் போனால், வயிறார உண்டுவிட்டுப் புறப்படுங்கள். சீனி வருத்தக்காரர் கையில் இனிப்பு இருக்கட்டும். அபாயாவின் ஓரம் காலில் தடுக்காதபடி சற்று உயர்த்தித் தைத்துக் கொள்ளுங்கள். கடைசியாக வருபவரும் ஓய்வெடுத்த பின்பே எழும்புங்கள்.

வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். எல்லோரும் உண்ட பின் உண்டு, எல்லோரும் உறங்கிய பின் உறங்குபவர். "எனக்கென்ன, நீங்க போங்க" என்று சொல்பவர். அவர் உம்மாவாகவோ ராத்தாவாகவோ இருக்கலாம்; இதை வாசிக்கும் நீங்களாகவும் இருக்கலாம். அவருடைய நடைக்கு நம் நடையைக் குறைத்துக் கொள்ள அல்லாஹ் நமக்குத் தௌபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.