கடைகளில் பிரிந்து காலை உணவில் சேரும் ஊர்

வேல்ஸ் எல்லையில் உள்ள ஹே-ஆன்-வை ஊருக்கு ரயில் கிடையாது. 1962-ல் நின்ற பயணிகள் ரயில் அப்புறம் திரும்பவே இல்லை. ஹியர்ஃபோர்டில் இறங்கி, முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் பஸ்ஸிலோ காரிலோ போக வேண்டும். ஊரின் கிழக்கு ஓரத்தில் டுலாஸ் என்று ஓர் ஓடை. அதற்கு இந்தப் பக்கம் வேல்ஸ், அந்தப் பக்கம் இங்கிலாந்து. ஊர்க்காரர்கள் இரண்டாயிரம் பேர்கூடத் தேற மாட்டார்கள். ஆனாலும் சனி, ஞாயிறு என்றால் கணவனும் மனைவியுமாக வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாம் பழைய புத்தகத்துக்காக.

அதற்குக் காரணம் ரிச்சர்ட் பூத். 1960களின் தொடக்கத்தில், கைவிடப்பட்ட தீயணைப்பு நிலையத்தில் பழைய புத்தகக் கடை போட்டார். அமெரிக்காவில் மூடப்பட்ட நூலகங்களின் புத்தகங்களை மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். போட்டிக் கடைகள் முளைத்தபோது அவர் கவலைப்படவில்லை; ஊரே புத்தகக் கடையானால் கூட்டம் தானாக வரும் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது. ஊர் நடுவே இருந்த நார்மன் காலத்துக் கோட்டையையும் வாங்கினார். 1977 ஏப்ரல் 1 அன்று ஹேயைத் தனி ராஜ்யமாக அறிவித்துத் தானே முடி சூட்டிக்கொண்டார். பாஸ்போர்ட்டும் கொடுத்தார், பிரதமர் பதவி அவர் குதிரைக்குப் போனது. முட்டாள்கள் தினக் கூத்துதான் என்றாலும், செய்தித்தாள்கள் விடவில்லை. காசில்லாமல் கிடைத்த அந்த விளம்பரம் ஊரை இன்றுவரை காப்பாற்றுகிறது. 2019-ல் பூத் காலமானார். பழுதுபார்க்கப்பட்ட கோட்டை 2022-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

கோட்டை வளாகத்திலேயே திறந்தவெளியில் புத்தக அலமாரிகள் நிற்கின்றன. கடைக்காரர் இல்லை, வேண்டியதை எடுத்துக்கொண்டு பெட்டியில் காசு போட வேண்டியதுதான். மழையில் நனைந்து ஊதிய புத்தகங்களும் அங்கே உண்டு, அவற்றைப் பார்க்கத்தான் மனசு கேட்காது. ஊருக்குள் போனால், பழைய திரையரங்கு ஒன்று முழுக்கப் புத்தகக் கடையாகியிருக்கிறது. லயன் தெருவிலுள்ள பூத்தின் பெயர் தாங்கிய புத்தகக் கடைக்குள்ளோ ஒரு சின்னத் திரையரங்கு. துப்பறியும் கதைகளுக்கென்றே தனிக் கடையும் உண்டு. எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளை நினைத்து இன்றும் பெருமூச்சு விடுகிறவர்கள் இங்கே வந்தால் நேரம் போவது தெரியாது.

ஜோடியாக வருகிறவர்கள் ஜோடியாகவே சுற்றினால் இந்த ஊர் சரிப்படாது என்பது என் கட்சி. ஒருவர் வரைபடப் பகுதியில் உட்கார்ந்துவிட, இன்னொருவர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைவிடச் சண்டைக்கு நல்ல வழி வேறில்லை. காலையில் பிரிந்து, சாயங்காலம் வை ஆற்றங்கரையில் கூழாங்கல் பரந்த வாரன் புல்வெளியில் சந்தித்து, யார் என்ன வாங்கினார்கள் என்று காட்டிக்கொள்வதே இங்கு அழகு.

தங்குவதற்கு ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ வீடுகள். ஊருக்குள்ளும் சுற்றியுள்ள பண்ணைகளிலும் இருக்கின்றன. வீட்டுக்காரர் அங்கேயே குடியிருப்பார். விருந்தினருக்கு இரண்டு மூன்று அறைகள்தான் இருக்கும். குறுகலான மாடிப்படி, அறையில் கெட்டிலும் தேயிலைப் பொட்டலமும் பிஸ்கட்டும். மதியச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு எதுவும் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் காலை உணவில் குறை வைக்க மாட்டார்கள். முட்டை எப்படி வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுவார்கள். பன்றி இறைச்சி, சாஸேஜ், காளான், வதக்கிய தக்காளி. சில வீடுகளில் கடல்பாசியை வேகவைத்து மசித்த லேவர்பிரெட். பெயரில் பிரெட் இருந்தாலும் ரொட்டியே கிடையாது. கரும்பச்சை நிறத்தில் கடல் வாசனையோடு இருக்கும். சைவக்காரர்கள் அறை பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவது நல்லது. முன்பின் தெரியாத இன்னொரு தம்பதி பக்கத்து மேஜையில் இருக்க, மெதுவான குரலில் பேசியபடி சாப்பிட வேண்டும். ஊர் கலைத்துப் போட்ட ஜோடிகள் நிதானமாக எதிரெதிரே உட்காருவது அந்த ஒரு மணி நேரம்தான்.

புத்தகம் சலித்தால் மலை இருக்கிறது. ஊருக்குத் தெற்கே 677 மீட்டர் உயர ஹே பிளஃப்; மேலே ஏறினால் காற்று ஆளைத் தள்ளும். வேல்ஸிலேயே உயரமான சாலைக் கணவாயான காஸ்பெல் பாஸ் பக்கத்திலேயே இருக்கிறது. இறங்கி வந்தால் செம்மறிப் பாலில் செய்த ஐஸ்கிரீம் கிடைக்கும். வியாழக்கிழமை சந்தை நாள்.

ஹேயைப் பார்த்து மற்ற நாடுகளும் புத்தக ஊர்களை உருவாக்கின. மகாராஷ்டிரத்தில் பஞ்சகனி அருகே ஸ்ட்ராபெரி விளையும் பிலார் கிராமம் 2017-ல் அப்படி ஆனதுதான்.

1988-ல் தொடங்கிய ஹே இலக்கிய விழா மே கடைசியில் ஆரம்பித்து ஜூன் வரை நடக்கும். எழுத்தாளர்களைப் பார்க்க வேண்டும் என்றால் அப்போது போகலாம். அறையை மாதக்கணக்கில் முன்பே பிடித்துவைக்க வேண்டும், வாடகையும் ஏறியிருக்கும். புத்தகம்தான் வேண்டும் என்றால் அக்டோபரில் போங்கள். ஞாயிறு பஸ் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.