வாங்கிய மின்நூல்கள் ஆட்ட மேசைக்கு வர

பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் மேசை விளையாட்டுகளில் முதலில் அச்சேறியது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974இல் அமெரிக்காவில் அது வெளிவந்தபோது ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள் இருந்தன. அவ்வளவே போதுமானதாக இருந்தது. இன்று இத்தகைய ஆட்டத்தை நடத்துபவரின் கணினியில் விதிநூல்கள், சாகசக் கதைகள், வரைபடங்கள், பாத்திரத் தாள்கள், ஒலிக்கோப்புகள் எல்லாம் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. தள்ளுபடித் தொகுப்புகளே இதற்குப் பெரிய காரணம். 2020இல் இட்ச்.ஐஓ தளம் இனநீதிக்காக நிதி திரட்டியபோது, குறைந்தது ஐந்து டாலர் கொடுத்தவர்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் கிடைத்தன. அவற்றில் மேசை விளையாட்டுகளும் ஏராளம்.

முதலில் பிரித்தறிய வேண்டியது, வாங்கியது கோப்பா, வெறும் அனுமதியா என்பது. டிரைவ்த்ரூஆர்பிஜி போன்ற கடைகள் பிடிஎஃப் கோப்பையே கொடுக்கின்றன. டி அண்ட் டி பியாண்ட், ரோல்20 போன்ற தளங்களில் வாங்கும் நூல் பெரும்பாலும் அந்தத் தளத்துக்குள் மட்டுமே திறக்கும். முதல் வகையை உடனே இறக்கி வைக்க வேண்டும். இரண்டாம் வகையில் எது எந்தத் தளத்தில், எந்தக் கணக்கில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி வைக்க வேண்டும்.

இந்த எச்சரிக்கைக்கு வரலாறு உண்டு. 2009 ஏப்ரலில், ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ நூல்களை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் தன் பிடிஎஃப் விற்பனையைத் திடீரென நிறுத்தியது. முன்பே பணம் கொடுத்திருந்தும் கோப்பை இறக்கி வைக்காத பலரால் அப்போது அதை எடுக்க முடியவில்லை. பழைய நூல்கள் மீண்டும் விற்பனைக்கு வந்தது 2013இல்தான்.

அடுத்தது அடுக்கும் முறை. கடையின் பெயரால் ஃபோல்டர் போடுவது எளிது, ஆனால் பயனில்லை. ஆட்டத்துக்கு நடுவே, ஒரு நூலை எந்தக் கடையில் வாங்கினோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. எந்த ஆட்டத்தின் விதிமுறை என்பதே முதல் அடுக்காக இருக்க வேண்டும். ‘கால் ஆஃப் கதுலு’வுக்கு எழுதிய சாகசம் ‘பாத்ஃபைண்டர்’ ஆடுபவருக்கு அப்படியே உதவாது. இரண்டாம் அடுக்கு பதிப்பு. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்துக்கே ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ என்ற ஒரே தலைப்பில் 1978, 1989, 2000, 2008, 2014, 2024 ஆகிய ஆண்டுகளில் வெவ்வேறு விதிகள் கொண்ட நூல்கள் வந்திருக்கின்றன. கோப்பின் பெயரில் ஆண்டு இல்லாவிட்டால் குழப்பம் நிச்சயம். மூன்றாம் அடுக்கில் விதிநூல், சாகசம், உலக விவரம், பாத்திரத் தாள் என்று வகை பிரிக்கலாம். வரைபடமும் இசையும் எந்த விதிமுறைக்கும் பொது. அவற்றுக்குத் தனி இடம் வேண்டும்.

சாகசக் கதைகளுக்குத் தலைப்பு மட்டும் போதாது. எந்த நிலைப் பாத்திரங்களுக்கு உரியது, எத்தனை அமர்வு பிடிக்கும், காடா, கடலா, நகரமா என்ற குறிப்புகள் இருந்தால்தான் தேடும்போது கிடைக்கும். கோவித் கோயல் உருவாக்கிய இலவச மென்பொருளான காலிபர் இதற்கு நன்கு பயன்படும். அது நூல்களை ஆசிரியர் பெயரால் அடுக்கும். மேசை விளையாட்டு நூல்களுக்கோ ஆசிரியர்கள் பலர் என்பதால், விதிமுறைக்கும் பாத்திர நிலைக்கும் தனிப் பத்திகளைச் சேர்த்துக்கொள்வது நல்லது. காலிபர் கோப்புகளைத் தன் சொந்த ஃபோல்டருக்குள் நகலெடுத்து வைக்கும்; அந்த ஃபோல்டருக்குள் கைவைத்து எதையும் இடம் மாற்றக் கூடாது.

வரைபடத்தின் பெயரில் இடம், கட்டங்களின் எண்ணிக்கை, கட்டக்கோடு உண்டா இல்லையா என்ற மூன்றும் இருக்க வேண்டும். இணையவழி ஆட்ட மேசையான ரோல்20இல் ஒரு கட்டம் இயல்பாக 70 பிக்சல். ஆகவே, அகலத்தில் 20, உயரத்தில் 30 கட்டங்கள் கொண்ட வரைபடம் 1400க்கு 2100 பிக்சல் அளவில் அங்கே சரியாகப் பொருந்தும். எண்ணிக்கை தெரியாவிட்டால் ஒவ்வொரு முறையும் கட்டத்தை இழுத்துச் சரிசெய்வதிலேயே நேரம் போய்விடும்.

பதிப்பாளர்கள் பிழை திருத்தி, கோப்பை அவ்வப்போது புதுப்பிப்பார்கள். பிடிஎஃப் பக்கத்திலேயே எழுதிய குறிப்புகள் புதிய கோப்பில் இருக்காது. அதனால் குறிப்புகளைப் பக்க எண்ணோடு தனிக் கோப்பில் எழுத வேண்டும். புதுப்பித்த நாளையும் அங்கேயே குறித்துக்கொள்ளலாம். பல பிடிஎஃப்களில் வாங்கியவரின் பெயரும் ஆர்டர் எண்ணும் பதிந்திருக்கும். அது அவருக்கு மட்டும் விற்ற பிரதி. நண்பர்களுக்கு அனுப்புவது எழுதியவரின் உழைப்புக்குச் செய்யும் அநீதி. மூலக் கோப்புகளுக்குக் கணினியில் ஒன்று, வெளி வன்வட்டில் ஒன்று, வேறிடத்தில் ஒன்று என மூன்று பிரதிகள் இருந்தால் அச்சமில்லை.

கடைசி வேலை ஆட்ட நாளுக்கானது. அன்றைய அமர்வுக்கு ஒரு ஃபோல்டர் திறந்து, தேவையான நூல்களுக்கும் வரைபடங்களுக்கும் குறுக்குவழிகளை மட்டும் அதில் வைக்க வேண்டும். நகல்களை வைத்தால் எது புதியது என்ற குழப்பம் திரும்ப வரும். அமர்வு முடிந்ததும் அந்த ஃபோல்டரை அழித்துவிடலாம். மூல நூலகம் கலையாது.

எத்தனை நூல் வைத்திருக்கிறார் என்பதை வைத்து ஆட்டம் நடத்துபவரை யாரும் மதிப்பதில்லை. வீரர்கள் கதவைத் திறந்ததும் அறையின் வரைபடத்தை அவரால் உடனே காட்ட முடிகிறதா என்பதுதான் கணக்கு. எனவே அடுத்த தள்ளுபடித் தொகுப்பை வாங்கும் முன், சென்ற தொகுப்பை அடுக்கி முடியுங்கள்.