முட்டியளவு தண்ணி... ஜாக்கிரதை!

மெரினான்னதும் சுண்டலும் மாங்காயும்தானே ஞாபகத்துக்கு வருது? நான் சொல்லப்போறது வேற மெரினா. படகுகளை வரிசையா கட்டி நிறுத்துற பார்க்கிங்குக்கும் அதுதான் பேர். இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகம். கடலிலிருந்து அங்கே இருக்கிற மெரினாவரைக்கும் ஒரு பாய்மரப் படகைக் கொண்டு போகணும். சுக்கான் உங்க கையில். ரெடியா?

வாசலே குறுகல். போதாக்குறைக்கு, கார்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஃபெர்ரி குறுக்கே சங்கிலியைப் பிடித்தபடி போய் வரும். வழிவிட்டு ஒதுங்குறதுதான் புத்திசாலித்தனம்.

உள்ளே போனா எதிரில் பிரவுன்சி தீவு. 1907-ல் பேடன் பவல் முதல் சாரணர் முகாமை நடத்திய இடம். சுத்தியும் தண்ணீரோ தண்ணீர். 'நேரா விட்டுடலாமே'ன்னு கை துறுதுறுக்கும். விட்டீங்க... தொலைஞ்சீங்க! இவ்வளவு பெரிய துறைமுகத்தின் சராசரி ஆழம் 48 சென்டிமீட்டர்தான். நின்னா முட்டியளவு! உங்க படகின் அடிப்பாகமோ தண்ணிக்குள்ள ஒன்றரை மீட்டர் இறங்கியிருக்கும். அதனால ஆழமான கால்வாயை விட்டு விலகவே கூடாது. உள்ளே வரும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். நம்ம சென்னைத் துறைமுகத்திலும் இதே விதிதான்.

அடுத்தது கடிகாரம். கடல் ஏற, இறங்க ஆறாறு மணி நேரம். முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அப்புறம் இரண்டு, மூன்று, மறுபடி மூன்று, இரண்டு, ஒன்று. இது மாலுமிகளின் மனக்கணக்கு. நம்ம இன்ஜினீயரிங் மூளைக்கு அழகான சைன் வளைவு! ஆனா பூலில் இந்தப் பாச்சா பலிக்காது. ஒரே ஏற்றத்தில் தண்ணீர் இரண்டு தடவை உச்சம் தொடும். மணிக்கணக்கா மேலேயே நிற்கும். 'இன்னும் நேரமிருக்கே'ன்னு அசந்தா, மளமளன்னு இறங்கிடும்.

ஏறுற நேரத்தில் தரை தட்டினா பயமில்லை. கொஞ்ச நேரத்தில் கடலே தூக்கி விட்டுடும். இறங்குற நேரத்தில் தட்டினா? அடுத்த ஏற்றம் வரும்வரை, சேற்றில் சாய்ஞ்ச படகில் நீங்களும் சாய்ஞ்சு உட்கார வேண்டியதுதான். அதனால பூலுக்குன்னே வரைஞ்ச ஓத வளைவைப் பார்த்து, தண்ணீர் ஏறும்போதே நுழைஞ்சிடுங்க.

இதோ, அலைதடுப்புச் சுவருக்குப் பின்னால மெரினா. வெளியே காத்து அடிச்சாலும் உள்ளே படகு அடக்கமா நிற்கும். கயிறைக் கட்டியாச்சா?

இப்போ சுண்டல் சாப்பிடலாம்!