உயரமா இருந்தா நெற்போலா?

எங்கட தங்கச்சிக்கு இப்ப 12 வயசு. வகுப்பில அவள்தான் உயரம். கலியாண வீடோ செத்த வீடோ, எங்க போனாலும் ஆராவது ஒராள் கட்டாயம் சொல்லுவார்: "இவளை நெற்போலுக்கு விடுங்கோ, அடுத்த தர்ஜினி இவள்தான்."

அண்ணாவும் நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். அம்மா, அப்பா இதில் பெரிதாகத் தலையிடவில்லை. பிள்ளைக்கு அழுத்தம் கொடுப்பது பெற்றோர் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். எங்கட வீட்டில் அந்த வேலையைச் செய்தது நாங்கள்.

தர்ஜினி சிவலிங்கம் யார் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 6 அடி 10 அங்குலம். 2018 இலும் 2022 இலும் சிங்கப்பூரில் இலங்கை ஆசியக் கிண்ணம் வென்றபோது வளையத்துக்குக் கீழே நின்றவர். சின்ன வயதில் அந்த உயரத்துக்காகவே கேலி வாங்கினவர். அவருடைய வீடியோக்களை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தங்கச்சிக்குப் போட்டுக் காட்டினோம். கதவு நிலையில் மாதாமாதம் பென்சிலால் உயரம் குறித்தோம். இப்ப யோசிச்சா வெக்கமா இருக்கு. கேலி செய்தவையளும் உயரத்தைத்தான் பாத்தினம், நாங்களும் உயரத்தைத்தான் பாத்தம்.

முதலாம் தவணை ஒழுங்காகப் போனாள். இரண்டாம் தவணையில், பயிற்சி இருக்கிற செவ்வாயும் வியாழனும் மட்டும் வயித்துக்குத்து வரத் தொடங்கியது. எங்களில் ஒராள் "சோம்பேறி" எண்டு ஏசினது. மற்றாள் புதுச் சப்பாத்து வாங்கித் தாறன் எண்டு பேரம் பேசினது. கொஞ்ச நாளில் அவள் கூனி நடக்கத் தொடங்கினாள். அதைக் கண்டதும் நாங்கள் இல்லை, அம்மம்மாதான். "பிள்ளை ஏன் என்னை மாதிரி நடக்குது?" எண்டு கேட்டா.

ஒருநாள் பின்னேரம் கிணத்தடியில் வைத்துக் கேட்டோம். வழக்கமான "ஏன் போகேல்லை?" இல்லாமல், "அதில எது பிடிக்கேல்லை?" எண்டு. கனநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்:

"வளையத்துக்குக் கீழயே நில் எண்டு ரீச்சர் சொல்லுறா. ஓட விடுறா இல்லை."

நெற்போல் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கோல் ஷூட்டர் மைதானத்தின் மூன்றில் ஒரு பகுதிக்குள்தான் நடமாடலாம். பந்து கைக்கு வந்தால் 3 செக்கனுக்குள் விட்டுவிட வேணும், பந்தோட ஓட ஏலாது. உயரமான பிள்ளையை எந்த ரீச்சரும் அங்கேதான் விடுவார். அதில் பிழை சொல்லவும் முடியாது. ஆனால் எங்கட ஆளுக்கு ஓட வேணும். சின்னனில் இருந்தே கடைக்கு அனுப்பினால் ஓடித்தான் போவாள், ஓடித்தான் வருவாள். இத்தனை வருசமாக ஒரே வீட்டில் இருந்தும் அது எங்கட கண்ணில் படவே இல்லை.

பிறகு நாங்கள் ஒன்றையும் தெரிவு செய்யவில்லை. மூன்றாம் தவணை முழுக்க அவள் ஒரு பயிற்சிக்கும் போகவில்லை. லீவில் ஒழுங்கையில் கிளித்தட்டு, பிறகு இரண்டு நாள் பட்மின்ரன், அது சலிச்சிட்டுது. பெடியளோட பந்தடிக்கப் போனது மட்டும் நிண்டுட்டுது. "பொம்பிளைப் பிள்ளைக்குப் பந்தடியோ?" எண்டு அம்மம்மா கேட்க, தெல்லிப்பழை மகாஜனாப் பெட்டையள் கால்பந்தில் அகில இலங்கை மட்டத்தில் வென்ற கதையைச் சொன்னோம். சொல்லி முடியமுன்னமே நாக்கைக் கடித்துக்கொண்டோம். தங்கச்சி பக்கத்தில்தான் நிண்டவள். ஒரு தர்ஜினி கதை முடிய இன்னொன்று தொடங்கக் கூடாது.

அவளின்ர பள்ளிக்கூடத்தில் பெண்கள் கால்பந்து அணி இந்த வருசம்தான் தொடங்கினது. அவள் நடுக்களம். முதல் மட்ச் 0–4 தோல்வி. நாங்கள் வேலிக்கு வெளியில் நின்று, வாயைத் திறக்காமல் பார்த்தோம். (சொல்லுற மாதிரி லேசில்லை அது.) முழங்காலில் சிராய்ப்போட வந்தவள் தோல்வியைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

"நான் எத்தினை தரம் அந்தக் கரைக்குப் போட்டு வந்தனான் எண்டு பாத்தனீங்களோ?"

எண்ணேல்லை எண்டு சொன்னம்.

"அடுத்த முறை எண்ணுங்கோ" எண்டாள்.