புது வண்டி உட்காருமா?

போன வருடம் என் மகன் பெங்களூரிலிருந்து புது காரில் பெரம்பலூர் வந்து இறங்கியபோது எங்கள் தெருவே வாசலில் கூடிவிட்டது. இரண்டே கதவு, ரத்தச் சிவப்பு, ஸ்போர்ட்ஸ் கார். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், வேண்டாம். ஆரத்தி சுற்றி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி முடித்ததும் ஊரே காரைச் சுற்றி வர, அவன் மட்டும் குந்தி உட்கார்ந்து, டயருக்கும் அதற்கு மேலிருக்கும் வளைவுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு விரல் போகுதும்மா. போட்டோவுல இப்படி இல்லவே இல்ல. ஜீப்பு மாதிரி தூக்கிட்டு நிக்குதுன்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஓட்டுறாங்க."

ஷோரூமில் கேட்டதற்கு, "ஓட ஓடத் தானா உட்கார்ந்துடும் சார்" என்றார்களாம். நண்பன் ஒருவன் அதைவிடச் சுலபமான வழி சொல்லியிருந்தான். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்துவிட்டால் ஒரே நாளில் இறங்கிவிடும். அதற்காகத் திருச்சியில் ஒரு பட்டறையில் நாளும் குறித்துவிட்டு வந்திருந்தான்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். ராபர்ட் ஹூக் 1678-ல் எழுதிய ஸ்பிரிங் விதியைப் பல வருடமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். எவ்வளவு விசையோ அவ்வளவு நீட்சி, விசையை எடுத்தால் பழைய நீளம். அப்படியானால் ஓட ஓட எப்படி உட்காரும்? எனக்குப் பதில் தெரியவில்லை. "திருச்சிக்கு அப்புறம் போகலாம், முதல்ல தாத்தாவைக் கேளு" என்று காரிலேயே அரியலூருக்குக் கிளம்பினோம். குன்னம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். இந்த லட்சணத்தில் இன்னும் கீழே இறக்கணுமாம்!

அப்பாவுக்கு 78 வயது. அரியலூரில் நாற்பது வருடத்துக்கு மேல் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை வேலை பார்த்தவர். அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடி. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. கல் ஏற்றும் லாரிகள் இருக்கும்வரை பட்டை வேலைக்கும் பஞ்சமில்லை. படுத்துப்போன பட்டைகளைக் கழற்றி, சூடேற்றி, அடித்து வளைத்து மறுபடி ஏற்றிக் கொடுப்பார். எங்கள் படிப்பும் என் கல்யாணமும் அந்த வருமானத்தில்தான்.

பேரன் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "உட்காராம என்ன? நானே ரெண்டு இஞ்ச் உட்கார்ந்துட்டேனே."

பிறகு அவர் சின்ன வயதில் வேலை பழகிய காலத்துக்குப் போனார். ஒரு டாக்டர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருந்தாராம். 1961-லிருந்து மெட்ராஸில் தயாரான கார். முதலில் வந்தவை இரண்டு கதவுதான். அதே ஹெரால்டின் அடித்தளத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். இரண்டிலுமே பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துக் குறுக்காக ஒரே பட்டைக்கட்டு. "அது படுத்துச்சுன்னா பின்சக்கரம் ரெண்டும் காலை அகட்டிக்கிட்டு நிக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கி இறக்கினா நேரெதிர், உள்பக்கமா மடிச்சுக்கிட்டு உசரமா நிக்கும். நாலடி உருட்டினாத்தான் சரியாகும். உருட்டாம அளக்காதே, தம்பி."

அன்று மாலை அப்பா சொன்னதையும் அவன் போனில் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. நல்ல ஸ்பிரிங்கை வண்டியில் மாட்டுவதற்கு முன்பே, சுற்றோடு சுற்று முட்டும் அளவுக்கு அழுத்தி எடுத்துவிடுகிறார்கள். குறைய வேண்டிய உயரத்தின் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே குறைந்துவிடுகிறது. லாரிப் பட்டைக்கும் இதே வைத்தியம்தான். மிச்சமாக உட்காருவது பெரும்பாலும் ரப்பர். ஸ்பிரிங்குக்கு மேலும் கீழும் இருக்கும் ரப்பர் மெத்தை, சக்கரத்தைத் தாங்கும் கைகளின் ரப்பர் புஷ் எல்லாம் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் படிந்துகொள்ளும். மொத்தமாகச் சில மில்லிமீட்டர். ஷோரூம்காரர் சொன்னது பாதி நிஜம். கார் உட்காரும், ஆனால் நாலு விரல் இடைவெளி இரண்டு விரலாகாது. கப்பலிலும் லாரியிலும் ஏற்றி அனுப்பும்போது சில கார்களுக்கு ஸ்பிரிங் நடுவே கட்டை வைப்பதுண்டாம். டெலிவரிக்கு முன் எடுக்க மறந்துவிட்டால் கார் தூக்கிக்கொண்டு நிற்கும். குனிந்து பார்த்தோம், எங்கள் காரில் அப்படி எதுவும் இல்லை.

சுற்றை வெட்டுகிற யோசனையைக் கேட்டதும்தான் அப்பா முகம் மாறியது. ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் மிச்ச ஐந்து சுற்றும் சேர்ந்து முன்பைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக விறைக்கும். இது என் பாடம், கணக்குப் போட்டுக் காட்டினேன். இது அப்பாவின் பாடம்: "பள்ளத்துல சக்கரம் தொங்கும்போது குட்டை ஸ்பிரிங் இருக்கிற இடத்தை விட்டு நழுவும்டா. திரும்பச் சரியா உட்காரும்னு யார் சொன்னா?" மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது என்பதையும் நான் சொல்லிவைத்தேன். அது அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. தாத்தா சொன்னது ஏறியது.

மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பது என்று முடிவானது. அப்பாவே அளக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். சமமான சிமென்ட் தரை, முன்னும் பின்னும் உருட்டி நிறுத்திய வண்டி, ஒரே காற்றழுத்தம். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து வளைவின் விளிம்பு வரை டேப் பிடிக்க வேண்டும். டேங்கில் பெட்ரோல் ஒரே அளவு இருக்க வேண்டும் என்பது நான் சேர்த்தது. 40 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 30 கிலோ ஆயிற்றே! ஒரு நோட்டில் நாலு சக்கரத்துக்கும் நாலு பத்தி போட்டோம்.

முதல் மாதம் முன்னால் 3 மில்லிமீட்டர், பின்னால் 2. இரண்டாம் மாதம் முன்னால் 5, பின்னால் 3. மகனுக்கு முகமே இல்லை.

மூன்றாம் மாதம் அரியலூர் வீட்டு முற்றத்தில் அளந்தபோது குதித்தான். "தாத்தா, முன்பக்கம் 17 இறங்கிடுச்சு!"

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"வலது?"

அளந்தான். அதே 5.

அப்பா எழுந்து வந்தார். "ரெண்டு காலும் சேர்ந்து மடங்கினாத்தான் உட்கார்றது. ஒரு கால் மட்டும் மடங்கினா அது விழறது. டார்ச்சை எடு."

சக்கரத்தைத் திருப்பி வைத்து உள்ளே வெளிச்சம் அடித்தோம். ஸ்பிரிங்கின் அடிச்சுற்று உடைந்திருந்தது. முறிந்த கூர்முனை டயரின் உள்பக்கத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. நடுவே என் சுண்டுவிரல் போகும் அளவுக்குத்தான் இடம். அன்று இரவே பெங்களூர் திரும்புவதாக இருந்தான். நெடுஞ்சாலையில் அவன் என்ன வேகத்தில் போவான் என்று எனக்குத் தெரியும். முற்றத்துத் திண்ணையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மெல்ல விசாரித்ததில் விஷயம் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன் ராத்திரியில், லாரியிலிருந்து விழுந்து கிடந்த கல்லின்மேல் ஏற்றியிருக்கிறான். டங்கென்று சத்தம் கேட்டிருக்கிறது. வண்டி ஓடியது, விட்டுவிட்டான். வீட்டில் சொன்னால் திட்டுவேன் என்று பயமாம்.

இழுவை வண்டி வரவழைத்துச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினோம். கல்லில் மோதியதற்கு வாரண்டி கிடையாது என்றார்கள். நியாயம்தான். ஒரு ஸ்பிரிங் போதுமா என்று மகன் கணக்குப் பார்க்க, "பட்டையோ சுருளோ, ஜோடியாத்தான் மாத்தணும்" என்று அப்பா முடித்துவிட்டார். புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முறுக்காமல், வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் வைத்து முறுக்கச் சொல்லும்படி போனில் இரண்டு முறை ஞாபகப்படுத்தினார். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியைத் தூக்கியே வைத்திருக்கும், சீக்கிரம் கிழிந்தும் போகுமாம்.

இரண்டு புது ஸ்பிரிங்கோடு கார் திரும்பி வந்தது. முன்பக்கம் பழையபடி நாலு விரல். திருச்சிப் பட்டறைப் பேச்சை அவன் எடுக்கவில்லை. கிளம்பும்போது நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு அன்று பெங்களூரிலிருந்து ஒரு போட்டோ வருகிறது. நோட்டின் பக்கம், பக்கத்தில் டேப். போன வாரம் வந்ததில் முன் இடது 2, முன் வலது 2. அப்பாவுக்கு எழுத்து தெரியாது, கண் மங்கல். போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கா?"

"இருக்குப்பா."

"சரி" என்று வைத்துவிட்டார்.