கடலோர மதரஸாவில் ஒரு தண்ணீர்க் கணக்கு

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் இரயில் பரமக்குடியைக் கடந்ததும் மண்ணின் நிறமும் மரங்களின் இனமும் மாறிவிடுகின்றன. நெல்வயல்கள் குறைந்து, பனையும் சீமைக்கருவேல முள்ளும் இருபுறமும் நிரம்புகின்றன. வழிநெடுகக் கண்மாய்கள். வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, இக்கண்மாய்களுக்கெல்லாம் தன்னைப் பங்கிட்டுக் கொடுத்தபின், எஞ்சிய நீருடன் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. கடலைக் காணும் பேறு அந்த ஆற்றுக்கு அரிதாகவே வாய்க்கிறது. காவிரிக் கரையில் ஓதிக்கொடுத்து வரும் எனக்கு, ஓர் ஆறு இப்படிக் கடலைத் தொடாமல் முடிவது புதுமையாகவே இருந்தது. எங்கள் காவிரியின் நீர் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்களின் வழியே இம்மாவட்டம்வரை வருகிறது என்பதையும் அப்போது நினைத்துக்கொண்டேன்.

இராமநாதபுரத்தில் இறங்கி, திருப்புல்லாணி வழியாகப் பேருந்தில் கீழக்கரை சென்றேன். வள்ளல் சீதக்காதியின் ஊர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த அந்த வள்ளலின் பெயரைக் கேளாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் இராது. அங்கிருந்து மேலும் சில கல் தொலைவில் உள்ள கடலோரச் சிற்றூர் ஒன்றில்தான் நான் காணச் சென்ற மதரஸா இருக்கிறது. பெயரை எழுத வேண்டாமென்று நிர்வாகத்தார் கேட்டுக்கொண்டமையால் விட்டுவிடுகிறேன்.

என்னிடம் ஓதிப் பட்டம் பெற்ற மாணவர் ஒருவர் அங்கே உஸ்தாதாகப் பணியாற்றுகிறார். "எங்கள் பிள்ளைகள் மதரஸாவின் தண்ணீரையும் குப்பையையும் அளந்துகொண்டிருக்கிறார்கள், ஒருமுறை வந்து பாருங்கள்" என்று எழுதியிருந்தார். சுற்றுச்சூழல் என்றால் மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வது என்றே நம் பள்ளிகளில் பெரும்பாலும் வழக்கமாகிவிட்டது. அளப்பது என்ற சொல்தான் என்னை இழுத்தது.

நான் சென்றது ஒரு வியாழன் மாலை. மஃரிபுக்கான பாங்கு ஒலித்ததும், சிறுவர்கள் ஐவர் உளூச் செய்யும் இடத்தில் வாளிகளுடன் நின்றார்கள். மற்றவர்கள் உளூச் செய்யும்போது குழாயிலிருந்து விழும் நீர் முழுவதும் வாளியில் சேர்கிறது. முடிந்ததும் லிட்டர் குவளையால் அளந்து, கோடு போட்ட நோட்டில் எழுதுகிறார்கள். சிலருக்கு மூன்றரை லிட்டர், சிலருக்கு ஒன்பது லிட்டர். குழாயைத் திறந்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டியபடி பக்கத்திலிருப்பவனுடன் பேசுகிறவனிடம்தான் ஒன்பது. பத்து நாட்களின் சராசரி ஆறு லிட்டர் என்று வந்திருந்தது. மதரஸாவில் ஓதுவோரும் ஓதிக்கொடுப்போருமாக எண்பது பேர். ஐவேளைக்கு நானூறு உளூ. ஆக, நாளொன்றுக்கு 2,400 லிட்டர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில் உளூச் செய்தார்கள், ஒரு 'ஸாஉ' முதல் ஐந்து முத்துவரை நீரில் குளித்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. முத்து என்பது இரு கைகளும் சேர்ந்து ஏந்தும் அளவு. இன்றைய கணக்கில் முக்கால் லிட்டருக்குள் அடங்கும். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் உளூவில் விரயம் கூடாது என்று ஸஅத் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட இப்னு மாஜாவின் அறிவிப்பைத்தான் நம் பயான்களில் அதிகம் கேட்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென ஹதீஸ் கலையினர் கூறுவர். முத்தின் அளவைச் சொல்லும் செய்திக்கோ அத்தகைய ஐயம் எதுவும் இல்லை. இருந்தும் அதை மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடுகிறோம். இங்கே ஒரு சிறுவன் முக்கால் லிட்டர் நீரைச் செம்பில் எடுத்து வந்து என் முன் வைத்து, "இவ்வளவுதான் ஹஜ்ரத்!" என்றான். அவன் குரலில் வியப்பைவிடக் கலக்கமே மிகுந்திருந்தது.

"மும்மூன்று முறை கழுவுவது சுன்னத்தாயிற்றே, நீரைக் குறைத்தால் அது விட்டுப்போகாதா?" என்று இன்னொருவன் கேட்டான். உஸ்தாத் அவனையே செம்பு ஒன்றுடன் உட்கார வைத்தார். மும்முறையும் குறையாமல் கழுவி முடித்தபோது செலவான நீர் ஒன்றரை லிட்டருக்கும் கீழே. மிச்சமெல்லாம் ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இடையே, மூடாத குழாயிலிருந்து வீணே சென்ற நீர். முன்பு இங்கே ஹவுள் இருந்தது; ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் அதை மூடிவிட்டுக் குழாய்கள் வைத்தார்களாம். வசதிதான், சுத்தமுங்கூட. ஆனால் ஹவுளில் கையால் மொண்டவனுக்குத் தான் எடுக்கும் அளவு தெரிந்தது.

இத்தனைக்கும், மிகுந்த விரயம் உளூவில் இல்லை என்பதைப் பிள்ளைகளின் நோட்டுதான் காட்டிக்கொடுத்தது. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் 200 லிட்டர் பீப்பாயை நான்கு நிமிடத்தில் நிரப்புகிறது. அதாவது நிமிடத்திற்கு ஐம்பது லிட்டர். நாள்தோறும் மூன்று மணி நேரம் ஓடுவதால் 9,000 லிட்டர். ஆளுக்கு 112 லிட்டருக்குமேல். இதில், மாடித் தொட்டி நிரம்பிய பின்னரும் காலையில் இருபது நிமிடம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டியவர் அந்நேரம் பால் வாங்கச் சென்றிருப்பார். ஆயிரம் லிட்டர் கூரையிலிருந்து வழிந்து சாக்கடைக்குப் போனது. எத்தனையோ ஆண்டுகளாக அந்த நீர் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டேதான் எல்லோரும் ஸுப்ஹுக்குப் பின் குர்ஆன் ஓதியிருக்கிறார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பாடம் இல்லை. ஜும்ஆவுக்குப் பின் பிள்ளைகள் என்னையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். நீர் போகும் வழியே நாமும் போவது என்பது திட்டம். மதரஸாவின் பின்சுவரைத் தாண்டிய சாக்கடை தெருவைக் கடந்து, ஒரு வரண்ட கால்வாயில் விழுகிறது. அது சாக்கடைக்கென வெட்டப்பட்டதன்று. மழைநீரை ஊரணிக்குக் கொண்டுசெல்ல முன்னோர் வெட்டிய வரத்துக்கால். இராமநாதபுரம் சீமையில் ஊரணி என்பது குடிநீருக்காகவே காக்கப்பட்ட குளம். கால் கழுவவும் அதில் இறங்கமாட்டார்கள். இன்று வரத்துக்காலில் பால் உறைகளும் ஷாம்புப் பொட்டலங்களும் எண்ணெய்ப் பொட்டலங்களும் அடைத்துக் கிடந்தன. பிள்ளைகள் குனிந்து பார்த்து, "இது நம்முடையது, இது நம்முடையது" என்று அடையாளம் கண்டார்கள். ஊரார் பலருடையதும் அதில் இருந்தது. ஆனாலும் அவர்கள் தங்களுடையதையே தேடினார்கள். ஊரணியைத் தாண்டிய மறுகால் மணல்மேட்டைச் சுற்றிக்கொண்டு கடலை அடைகிறது. எதிரே மன்னார் வளைகுடா. அதன் இருபத்தொரு தீவுகளையும் சுற்றியுள்ள பவளப் பாறைகளையும் கடற்புல் வெளிகளையும் காக்க 1986-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றைத் தமிழக அரசு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்திருக்கிறது. பால் உறைக்கும் பொட்டலங்களுக்கும் அன்று விலக்களிக்கப்பட்டதன் பலனைக் கரையிலேயே கண்டோம்.

திரும்பும் வழியில், மதரஸாவுக்கு அடுத்த வீட்டில் சற்று நின்றோம். கணவரை இழந்த ஓர் அம்மையார், மகன், மருமகள், இரு பேரப்பிள்ளைகளுடன் வாழ்கிறார். வீட்டுக் கிணறு கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன், விழுங்க முடியவில்லை. "என் மாமியார் காலத்தில் இந்தத் தண்ணீரில்தான் சோறு பொங்கினோம், தம்பி. இப்போது பருப்பு வேகமாட்டேன் என்கிறது" என்றார். லாரித் தண்ணீர் குடம் பத்து ரூபாய். நாளைக்கு எட்டுக் குடம் வாங்குகிறார்கள். ஐந்து பேருக்கு ஏறத்தாழ நூறு லிட்டர். சுவருக்கு இப்புறம் ஆளுக்கு நூற்றுப் பன்னிரண்டு, அப்புறம் ஆளுக்கு இருபது. இந்த வகுத்தலை அங்கேயே விரல்விட்டுச் செய்து முடித்தவன் பதின்மூன்று வயதுச் சிறுவன். அவன் அதன்பின் மதரஸா வரும்வரை பேசவில்லை.

பிள்ளைகளிடம் உப்பளக்கும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. டி.டி.எஸ். மீட்டர் என்பார்கள், சில நூறு ரூபாய்தான். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். மதரஸாவின் ஆழ்குழாய் நீர் 1,400 காட்டியது. அம்மையாரின் கிணறு 2,600.

"நாம் இறைப்பதால்தான் அவர்கள் கிணறு உப்பாயிற்றா, உஸ்தாத்?"

அன்று இரவு உஸ்தாத் இதற்கு விடை சொன்ன முறை எனக்குப் பிடித்திருந்தது. கண்ணாடிக் குவளையில் நீல மை கலந்த உப்புநீரை ஊற்றி, அதன்மேல் கரண்டியின் முதுகு வழியாக நல்ல நீரை மெல்ல வழியவிட்டார். நல்ல நீர் கலக்காமல் மேலே மிதந்தது. கடலோர மணலுக்கடியிலும் இப்படித்தான்: மழையால் சேர்ந்த நன்னீர், எடை மிகுந்த உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறையுமாறு இறைத்தால், நாளடைவில் கீழேயிருந்து உப்பு நாற்பதடி ஏறும். "ஊரில் ஆழ்குழாய்கள் பல இருக்கின்றன. அவர்கள் கிணற்றின் உப்பில் நம் பங்கு இவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. பங்கே இல்லை என்றும் சொல்ல இயலாது" என்றார். பிறருக்குத் தீங்கிழைப்பதும் கூடாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்னும் ஃபிக்ஹு விதியை அவர்கள் முன்பே பாடமாக ஓதியிருந்தார்கள். எவரும் அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சமையலறைக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். எஞ்சிய சோற்றைப் பழைய தராசில் தினமும் நிறுத்ததில், திங்களும் வியாழனும் மட்டும் இரு மடங்காகி, ஆறு கிலோவரை வந்தது. காரணம் தெரியாமல் இரண்டு வாரம் விழித்தார்களாம். பிறகுதான் புலப்பட்டது: அவ்விரு நாட்களிலும் பெரிய மாணவர்கள் பலர் சுன்னத்தான நோன்பு வைக்கிறார்கள், சமையற்காரருக்கோ அது தெரியாது, வழக்கமான அரிசியைப் போட்டுவிடுகிறார். இப்போது முதல் நாள் இரவே நோன்பாளிகளின் எண்ணிக்கையைச் சமையலறைப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். முன்னறிவிப்பின்றி வந்து இறங்கும் நேர்ச்சைப் பிரியாணிச் சட்டிக்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கப்படவில்லை.

சனி இரவு இஷாவுக்குப் பின் நிர்வாகக் கூட்டம். மூத்தவர் ஒருவர், "ஓத வந்த பிள்ளைகளைச் சோற்றையும் குப்பையையும் நிறுக்க வைப்பதா? பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது?" என்று சற்றுக் கடுமையாகவே வினவினார். அவர் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஹிஃப்ளு மாணவனுக்கு அரைமணி நேரமும் பெரிது. அளவெடுப்பு அஸருக்குப் பின் விளையாட்டு நேரத்தில்தான் நடக்கிறது என்று உஸ்தாத் விளக்கினார். பின்னர் அந்தப் பதின்மூன்று வயதுச் சிறுவன் எழுந்து நோட்டைப் படித்தான். காகிதக் குவளைகள் மாதத்திலேயே மிகுதியாகச் சேரும் நாள் நிர்வாகக் கூட்டம் நடக்கும் நாள்தான் என்ற வரி வந்தபோது, கையில் தேநீர்க் குவளையுடன் இருந்தோர் சிரித்துவிட்டார்கள். அண்டை வீட்டுக் கணக்கு வந்தபோது எவரும் சிரிக்கவில்லை.

"ஆழ்குழாய் ஒரு நல்லடியார் வக்ஃபு செய்தது, நம் இடத்தில் நாம் இறைக்கிறோம்" என்றார் செயலாளர். வக்ஃபின் நோக்கம் ஓதும் பிள்ளைகளின் தேவை, கூரையிலிருந்து வழியும் ஆயிரம் லிட்டர் அந்தத் தேவையில் சேருமா என்று உஸ்தாத் அடக்கமாகக் கேட்டார். நீண்ட நேரம் பேசினார்கள். தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் மிதவைக் கருவி உடனே வாங்குவது. ஹவுளைத் திருத்தி மீண்டும் நிரப்பி, கைச்செம்புகள் வைப்பது. உளூ நீரைச் சாக்கடையில் விடாமல் வாழைக்கும் தென்னைக்கும் திருப்புவது. துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் பயன்படுமாறு, சுவருக்கு வெளியே ஒரு குழாய் வைத்துக் காலையில் இரண்டு மணி நேரம் அண்டை வீட்டாருக்கு நீர் தருவது — இவை முடிவாயின. இந்தக் கடைசித் தீர்மானத்தை முன்மொழிந்தவர் முதலில் கடிந்துகொண்ட அந்த மூத்தவரே.

மழைநீர்த் தொட்டி மட்டும் ஒத்திவைக்கப்பட்டது. கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைத் தமிழகத்தில் கட்டாயமாக்கியது 2003-இல். இங்கே அன்று பதித்த குழாய் துருப்பிடித்து நிற்கிறது. மாடியின் பரப்பு 200 சதுர மீட்டர். இப்பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர், அதில் பாதிக்குமேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு கழிவு போனாலும் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் லிட்டர் நன்னீரைப் பிடிக்கலாம். தொட்டி கட்டத்தான் பணமில்லை. வசதியுள்ள வாசகர்கள் தத்தம் ஊர் மதரஸாவின் மாடியையும் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம்.

நான் ஊர் திரும்பி நான்கு மாதங்கள் கழித்து உஸ்தாதின் கடிதம் வந்தது. மோட்டார் ஓடும் நேரம் மூன்று மணியிலிருந்து இரண்டு மணிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. வரத்துக்காலைப் பிள்ளைகளும் ஊர் இளைஞர்களும் ஒருமுறை துப்புரவு செய்தார்கள். மறு மாதமே பாதி மீண்டும் அடைத்துக்கொண்டது. அம்மையாரின் கிணறு 2,600-லிருந்து 2,550-க்கு வந்திருப்பதாகச் சிறுவர்கள் மகிழ்ந்தார்களாம். அது கருவியின் பிழைக்குள் அடங்கும் வேறுபாடு, அதைக் குறைவு என்று எழுதாதீர்கள் என்று உஸ்தாத் தடுத்துவிட்டார். கார்த்திகை மழைக்குப் பின் மீண்டும் அளந்து எழுதுகிறார்களாம், இன்ஷா அல்லாஹ்.